ஸ்கிப் பக்கத்து இருக்கை

கிளெனோரின் பந்தாட்டக் கிளப்பில் சேருவதற்கு யாரிடமும் சிபாரிசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தால் போதும், உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நோலீனும் அவள் கணவர் டெஸ்ஸும் அப்படித்தான் மாட்டினார்கள்.

அந்த ஊருக்குக் குடிவந்து ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களோடு பேசியது தபால்காரரும் பக்கத்து வீட்டு நாயும்தான். டெஸ் கிறைஸ்ட்சர்ச்சில் கறிக்கடை வைத்திருந்தவர். தெருமுனையில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததும் கடையை மூடினார். கடையோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டார். காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாயங்காலம் வரை மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நோலீனும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது.

வசந்தம் பிறந்த ஒரு சனிக்கிழமை, ரொட்டி வாங்கப் போன வழியில் இருவரும் கிளப் வேலியருகே நின்றார்கள். சீப்பால் வாரிவிட்டது போன்ற புல்தரை. வெள்ளை உடுப்பில் பத்துப் பதினைந்து பேர். எல்லோருக்கும் ஏறக்குறைய இவர்கள் வயசுதான். பந்தை உருட்டுவது, சிரிப்பது, மறுபடி உருட்டுவது. அங்கிருந்து க்ளைவ் என்பவர் குரல் கொடுத்தார். குழாய் ரிப்பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் செயலாளர், நாக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு பிறந்தவர்.

"அங்கயே நின்னா வேலிக்குத்தான் வலிக்கும். உள்ள வாங்க. செருப்பை மட்டும் கழட்டிடுங்க, புல்லு பாவம்."

"எங்களுக்கு ஆடத் தெரியாதுங்க," என்றாள் நோலீன்.

"எங்களுக்கு மட்டும் தெரியும்னு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். டீயும் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் கைக்கு வந்தன. பந்தும் வந்தது. உள்ளங்கைக்குச் சற்றே பெரிய, கனமான கறுப்புப் பந்து. பார்வைக்குத்தான் உருண்டை; ஒரு பக்கம் செதுக்கினாற்போல் லேசான சாய்வு. அந்தப் பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று பொறித்திருக்கும். வட்டம் எந்தப் பக்கமோ, பந்து அந்தப் பக்கமாக வளைந்து போகும். தூரத்தில் கிடக்கும் வெள்ளைக் குட்டிப்பந்தின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்றால், வட்டம் உட்பக்கம் இருக்கும்படி பிடித்து, கொஞ்சம் விலக்கி உருட்ட வேண்டும். மாற்றிப் பிடித்தால் தொலைந்தது. பந்து எதிர்ப்பக்கம் வளைந்து, அடுத்த பாதையில் ஆடுகிறவர்களின் நடுவே போய் விழும்.

நோலீன் முதல் பந்தையே மாற்றித்தான் உருட்டினாள். அது அடுத்த பாதைக்குள் புகுந்து ஒரு அம்மாளின் காலடியில் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே கூடத்துச் சுவரில் பழைய புகைப்படங்கள் மாட்டியிருந்தன. ஒன்றில், சேவல் படம் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு க்ளைவ் அசட்டுச் சிரிப்போடு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். யார் பந்தை மாற்றி உருட்டினாலும் அன்றைய டீயை அவர்தான் அந்த ஏப்ரனோடு பரிமாற வேண்டும் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது.

"அப்ப இன்னைக்கு டீ நான்தான் ஊத்தணும். ஏப்ரன் எங்க?" என்று கேட்டாள் நோலீன்.

சிரித்துக்கொண்டிருந்த கூடம் சட்டென்று அடங்கியது.

"அந்த வழக்கத்தை விட்டாச்சு," என்றாள் நைரி என்கிற உயரமான பெண். பேச்சை அப்படியே திருப்பி, "அஸ்பாரகஸ் தண்டு வச்சுச் சுருட்டின ரொட்டி எடுத்துக்கோங்க. கடைசி ரெண்டுதான் இருக்கு," என்றாள். கூடம் மறுபடி சலசலக்கத் தொடங்கியது. நோலீனுக்கு ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட கூச்சம். ஆனால் ரொட்டி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல ஒரு காலம் நோலீனின் வாழ்க்கையில் வந்ததில்லை என்றே சொல்லலாம். கிளப்பில் வாராவாரம் குலுக்கலில் பரிசாகக் கொடுக்கும் கறித்தட்டை இனி டெஸ்தான் தயார் செய்ய வேண்டும் என்று க்ளைவ் ஒருநாள் தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பழைய கத்திகள் பெட்டியை விட்டு வெளியே வந்தன. டெஸ் விலா எலும்பை வெட்டிக்கொண்டே சீட்டியடித்தார். கடைசியாக அவர் சீட்டியடித்தது எப்போது என்று நோலீனுக்கு நினைவில்லை. அவள் சமையலறை வாசலில் நின்று, அவர் கண்ணில் படாமல், அந்தச் சீட்டி முடியும் வரை கேட்டாள்.

இதற்கெல்லாம் மேலே ஸ்கிப் இருந்தார். நால்வர் அணிக்குத் தலைவரை ஸ்கிப் என்பார்கள். மற்ற மூவரும் உருட்டும்போது அவர் எதிர்க்கோடியில் நின்று இங்கே போடு, அங்கே போடு என்று கைகாட்டுவார். கடைசியாக அவர் உருட்ட வருவார். கிளெனோரினின் ஸ்கிப் மெர்வ் ஆட்வே. வாட்டசாட்டமான, அதிகம் பேசாத, எழுபதைத் தாண்டிய மனிதர். ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை முப்பது வருஷம் மலைக்கணவாய் வழியாக ஓட்டியவர். ஒரு குழந்தைக்கும் ஒரு சிராய்ப்பு பட்டதில்லை. வெள்ளம் வந்த வருஷம் படகை எடுத்துக்கொண்டு போய்க் கூரைகளில் இருந்தவர்களை இறக்கியதும் அவர்தான். இறக்கப்பட்டவர்களில் க்ளைவின் மனைவியும் நைரியின் இரண்டு பிள்ளைகளும் உண்டு. ஸ்கிப் சொன்னால் சொன்னதுதான். ஆட்டத்தில் மட்டுமில்லை, எங்கேயுமே.

மெர்வ் உருட்ட வரும்போது ஒரு சின்னச் சடங்கு நடக்கும். அணியின் மூன்றாவது ஆளான நைரி அவருடைய பந்தைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுப்பாள். அவர் வாங்கியபடியே உருட்டுவார். பந்து போய் வெள்ளைக் குட்டிப்பந்தின் மேல் சாய்ந்து நிற்கும். நோலீனுக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

வெளியூர் அணி ஒன்று ஆட வந்தபோது அதில் ஒரு பெண் உதட்டைப் பிதுக்கினாள். "எங்க ஊர்ல மூணாவது ஆளு அந்தக் கோடிக்குப் போயி நின்னு வழி சொல்லுவாங்க. உங்க நைரி என்ன, பச்சப்புள்ளைக்குப் பால்புட்டி நீட்டுற மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிறா?"

"அது எங்க கிளப் வழக்கம்," என்றாள் நோலீன். எங்கள் என்று சொன்னபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் வடமேற்குக் காற்று வீசியது. அது அடித்தால் ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்குச் சண்டை. பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது நைரிக்கு ஃபோன் வந்து அவள் உள்ளே போனாள். மெர்வ் உருட்டும் முறை வந்தது. தானே குனிந்து பந்தை எடுத்தார். உருட்டினார்.

பந்து எதிர்ப்பக்கம் வளைந்து அடுத்த பாதைக்குள் போனது. இரண்டாவதையும் எடுத்து உருட்டினார். அதுவும் அதே வழியில் போனது.

யாரும் கைதட்டவில்லை. க்ளைவ் வானத்தைப் பார்த்தார். ஒருவர் குனிந்து, அவிழாத ஷூ நாடாவைக் கட்டினார். அடுத்த பாதையில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பந்துகளையும் காலால் ஓரம் தள்ளினார். டெஸ்ஸும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெர்வ் அங்கேயே நின்றார். பக்கத்தில் இருந்தவள் நோலீன்தான். அவள் பக்கம் லேசாகச் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நம்ம பந்து என்ன கலரு?" என்று கேட்டார்.

"கறுப்பு, ஸ்கிப்," என்றாள் அவள். அடுத்த கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏப்ரன் ஏன் காணாமல் போனது, நைரி ஏன் பந்தைத் துடைத்துக் கொடுக்கிறாள், வட்டம் எப்போதும் உட்பக்கமாகவே ஏன் இருக்கிறது. அது சடங்கில்லை. ஊரே சேர்ந்து ஒரு மனிதரின் மறதிக்குத் திரை பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அன்பு என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அடுத்து வேன் நினைவுக்கு வந்தது. வெளியூர் ஆட்டங்களுக்குக் கிளப் வேனை ஓட்டுவது மெர்வ். அவர் அணியில் டெஸ் முதல் ஆட்டக்காரர்; அந்த வேனில்தான் போய்வருகிறார்.

ஜனவரியில், கணவாய்க்கு அப்பால் இருக்கும் வைமோரு என்ற ஊரில் ஆட்டம். நோலீன் மாற்று ஆளாகப் போனாள். கிளப் வேனில் அவள் ஏறுவது அதுவே முதல் தடவை. டெஸ்ஸோடு நடுவரிசையில் உட்கார்ந்தாள். நைரி முன்னால், ஸ்கிப்புக்குப் பக்கத்தில். வண்டி கிளம்பியதும் க்ளைவ் பாட்டு ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வேன் அதிரும்படி கத்திப் பாடினார்கள். அவ்வளவு கத்த என்ன அவசியம் என்று நோலீன் முன்பக்கம் காதை நீட்டினாள்.

பாட்டுக்கு அடியில் நைரியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அடங்கிய, ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"இடது பக்க வளைவு... மெதுவா... இப்ப நேரா... ஆங், அப்படித்தான்... அடுத்தது வலது... கியரைக் குறைங்க..."

மெர்வின் பெரிய கைகள் அந்தக் குரல் சொன்னபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பின. வேனை ஓட்டுவது அவர் இல்லை. நைரி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கணவாயின் நடுவில் ஆற்றுக்கு மேலே ஒற்றை வண்டிப் பாலம். சிவப்பு அம்பு இருக்கும் பக்கத்துக்காரர் நின்று, எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். அம்பு இவர்கள் பக்கம்தான் இருந்தது. "நில்லுங்க, நில்லுங்க," என்றாள் நைரி. வேன் நிற்கவில்லை. பாதிப் பாலம் போன பிறகுதான் எதிர்க்கரையில் மரக்கட்டை லாரி திரும்பியது. மலைச்சரிவில் அதன் பிரேக் உறுமியது. லாரி கரையிலேயே குலுங்கி நின்றது. வேன் பாலத்தைக் கடந்து அதை உரசாத குறையாகத் தாண்டியது. லாரிக்காரர் வாய் திறந்து ஏதோ கத்துவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"தூங்கி வழியிறான் பாரு," என்றார் க்ளைவ். எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தார். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நோலீனின் கையை டெஸ் பிடித்திருந்தார். அந்தக் கை வேர்த்து ஈரமாக இருந்தது.

அடுத்த நாள் கிளப் சமையலறையில் நைரி ஸ்கோனுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது நோலீன் கதவைச் சாத்தினாள்.

"இது எவ்வளவு நாளா நடக்குது?"

நைரி நிமிரவில்லை. "எது?"

"என்னைக் கேனச்சி ஆக்காத, நைரி."

நைரி கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வந்துச்சு. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகிக்கிட்டோம்."

"வண்டிச் சாவியை மட்டுமாவது அவருகிட்டேந்து வாங்கிடக் கூடாதா? பந்தை எப்படி வேணா உருட்டட்டும், யாரு செத்துப்போறா?"

"வாங்கிட்டு? வீட்டுல பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. சாவியை வாங்கின மறுநாள் நகரத்துலேந்து யாராவது வருவாங்க. ஒரு அறையில கொண்டுபோயி வச்சு, மூணு வேளை கஞ்சி ஊத்துவாங்க. என் ரெண்டு புள்ளைங்களையும் கூரையிலேந்து இறக்குன மனுஷன் அவரு. நான் போயி அவருகிட்ட, உங்களால முடியல, சாவியைக் குடுங்கன்னு சொல்லணுமா?"

"வேன்ல எட்டுப் பேரு இருக்கோம்."

"நான் பக்கத்துல இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது," என்றாள் நைரி. மறுபடி கத்தியை எடுத்தாள். "இந்த ஊருல யாரையும் நாங்க தனியா விட மாட்டோம். உன் புருஷனையும்தான் விடல. அதை மறந்துடாத."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். நோலீனுக்கு உடம்பு சில்லிட்டது அதனால்தான்.

அன்று சாயங்காலம் டெஸ்ஸிடம் பேசினாள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ யாருகிட்டயாவது சொல்லப் போறியா? போலீஸ்கிட்ட, டாக்டர்கிட்ட?"

"சொல்லணும்ல, டெஸ்."

"சொல்லு. அப்புறம் நாம எங்க போறது? அந்த வேலிக்கு இந்தப் பக்கம் மறுபடி நின்னுக்கிட்டு நான் மலையைப் பாக்கவா?"

"நீ செத்துட்டா நான் எதைப் பாக்குறது?"

டெஸ் தீட்டுவதை நிறுத்தினார். பிறகு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நோலீனுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஃபோனை எடுப்பாள், வைப்பாள். வெள்ளிக்கிழமை அவர் மறுபடி சீட்டியடித்தபோது, கேட்கவும் முடியாமல் காதைப் பொத்தவும் முடியாமல் தோட்டத்துக்குப் போய் நின்றாள். தன்னைத்தானே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாவட்ட இறுதி ஆட்டமும் வைமோருவில்தான். ஆட்டத்துக்கு முந்தின நாள் நைரி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை கையில் மாவுக்கட்டோடு வேனருகே வந்து நின்றாள். ஆஸ்பத்திரி மருந்தில் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. வடமேற்குக் காற்று கொடிக்கம்பத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"மூணாவது ஆளு இனிமே நோலீன்," என்றார் க்ளைவ். எல்லோரும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் தோளைத் தட்டினார். ஒருவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். பின்கதவில்லை, முன்கதவு.

நோலீன் நேராக மெர்விடம் போனாள். "ஸ்கிப், இன்னைக்கு நான் ஓட்டட்டுமா? நீங்க ஆட்டத்துக்குக் கையை மிச்சம் பிடிங்க."

மெர்வ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் க்ளைவ் சிரித்துவிட்டார்.

"அது நடக்குமா? ஸ்கிப் ஓட்டுன வேன்லதான் நாம கோப்பை தூக்கியிருக்கோம். மாத்துனா ராசி போயிடும். ஏறும்மா, நேரமாச்சு."

மற்றவர்களும் சிரித்தார்கள். மெர்வ் வாயை மூடிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

டெஸ் ஏற்கெனவே உள்ளே இருந்தார். நோலீன் அவரை இறங்கச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினாள். "ஏறு, நோலீன்," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் ஏறாவிட்டாலும் வேன் போகும். முன்னிருக்கையில் யாரும் இல்லாமல் போகும். அவள் ஏறி உட்கார்ந்தாள். நைரி ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள்.

"வளைவு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடு. கத்திப் பேசாத, பதறுவாரு. பாலத்துல ரெண்டு தடவை சொல்லு," என்றாள்.

வேன் கிளம்பியது. பின்னால் பாட்டும் கிளம்பியது.

நோலீன் சொல்லத் தொடங்கினாள். இடது. மெதுவாக. நேராக. அவர் கைகள் அவள் சொன்னபடி நடந்தன. கொஞ்ச தூரத்தில் அது சுலபமாகவே ஆகிவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் குரல் நைரியின் குரலைப் போலவே தட்டையாக, தாலாட்டு மாதிரி மாறியிருப்பதை அவளே கேட்டாள். இப்படியே அடுத்த வாரமும், அடுத்த வருஷமும் சொல்லிக்கொண்டு போகலாம். இடது பக்கம் கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே வெள்ளையாக நுரைத்தது. காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது.

பாலத்துக்கு முந்தின வளைவு திரும்பும்போதே அந்த உறுமல் கேட்டது. எதிர்ச்சரிவில் முழுப் பாரத்தோடு மரக்கட்டை லாரி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அது பாலத்துக்கு இவர்களைவிடப் பக்கத்தில் இருந்தது.

"நிறுத்துங்க, ஸ்கிப். சிவப்பு நம்ம பக்கம்."

வேன் போய்க்கொண்டிருந்தது.

"ஸ்கிப், நிறுத்துங்க."

மெர்வ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முகம் தெளிவாக, சாந்தமாக இருந்தது. "பசங்க எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டார். "அந்தச் சின்னது, சிவப்புத் தொப்பி போட்டது, ஏறுச்சா?"

நோலீன் இரண்டு கையாலும் கைப்பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள்.

பின்சக்கரங்கள் அலறின. வேன் சரளைக்கல்லில் வழுக்கி, பாதி திரும்பி, பாலத்துக்குள் ஏறாமல், கைப்பிடிக் கட்டையின் வெளிமுனையில் மோதி நின்றது. பின்னால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். லாரி ஹாரனை அடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்து வந்தது. ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் மரக்கட்டைகள் ஓடின. மரப்பட்டைத் தூள் கண்ணாடி முழுக்கச் சிதறியது. அது போன பிறகும் உறுமல் கணவாயில் வெகுநேரம் இருந்தது.

பாட்டு நின்றிருந்தது.

முதலில் பேசியது க்ளைவ். "ஸ்கிப்கிட்ட கேக்காம அதைத் தொட்டிருக்கக் கூடாது, நோலீன்."

இந்த மனிதரை அறைந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கை பிரேக்கை விட்டு வரவில்லை. விரல்கள் இறுகிப்போயிருந்தன.

மெர்வ் இஞ்சினை அணைத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பட்டைத்தூளைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். அவர் திரும்பி வந்துவிட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. திரும்பி வந்த இடம் எது என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சாவியை உருவி நோலீனின் மடியில் வைத்தார்.

"எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "ஒவ்வொரு தடவையும். வழி தெரியாது, எங்க போறோம்னு தெரியாது. பின்னாடி பாப்பேன். நீங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டு இருப்பீங்க. யாருக்குமே பயம் இல்ல. அப்ப நான் நல்லாத்தான் ஓட்டுறேன் போலன்னு நெனச்சுக்குவேன்."

க்ளைவ் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"எனக்கு இருந்துச்சு, மெர்வ்," என்றார் டெஸ்.

பின்னால் யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். நோலீன் கதவைத் திறந்து இறங்கினாள், மறுபக்கம் சுற்றிப் போய் வண்டியை எடுக்கலாம் என்று. வேனின் முன்பக்கம் வரை வந்தவள் அதற்கு மேல் போகவில்லை. சாவியைப் பிடித்தபடி சரளைக்கல் மேல் உட்கார்ந்தாள். வேனுக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கும் சத்தம் கேட்டது.